பஞ்சு என்று பெயர் எடுத்தவர்

என் அக்கா புருஷனை அவருடைய அலுவலகத்தில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பஞ்சு சார் என்றுதான் சொல்வார்கள். எவ்வளவு குத்தினாலும் சத்தம் வராது என்பதற்காக அங்கிருந்த பியூன் வைத்த பெயர் அது. நானும் கேலிக்குப் பஞ்சு அத்தான் என்று ஆரம்பித்தேன், அதுவே ஒட்டிக்கொண்டது. அவர் அதற்கும் கோபித்துக்கொள்ளவில்லை.

குடிநீர் அலுவலகத்தில் புகார் ஜன்னல்தான் அவருடைய இடம். கம்பி வலை போட்ட ஜன்னல், அதன் கீழே கை நுழைகிற அளவுக்கு ஒரு திறப்பு, உள்ளே ஒரு மர நாற்காலி, நூலில் கட்டிய பேனா. அந்த நாற்காலிக்கு மாற்றலாகி வந்தவர்கள் ஆறு மாதத்தில் ரத்தக்கொதிப்பு என்று டாக்டர் சீட்டு வாங்கிக் கொடுத்துவிட்டு வேறு பிரிவுக்கு ஓடியிருக்கிறார்கள். இவர் இருபத்தாறு வருடம் உட்கார்ந்தார். பொறுத்தார் பூமி ஆள்வார் என்பார்கள். இவர் ஆண்டது அந்த ஒரு நாற்காலியைத்தான்.

அந்த ஜன்னலுக்கு யாரும் சந்தோஷமாக வருவதில்லை. ஒன்பது நாளாகக் குழாயில் காற்றுதான் வருகிறது என்று வருவார்கள். தண்ணீர் டீ நிறத்தில் வருகிறது என்று பாட்டிலில் பிடித்துவந்து கம்பி வலைமேல் ஊற்றுவார்கள். கைக்குழந்தையைத் தூக்கிக் காட்டி, இதன் வயிற்றுப்போக்குக்கு நீ பதில் சொல்லு என்று அழுவார்கள். குழாயை உடைத்தவன் எங்கோ இருப்பான், சரி செய்ய வேண்டியவன் சாப்பிடப் போயிருப்பான், திட்டு மட்டும் இவருக்கு வந்து சேரும்.

அதற்கு அவர் ஒரு முறை வைத்திருந்தார். வந்தவர் கத்தி முடிக்கும்வரை நிமிரமாட்டார், எழுதிக்கொண்டே இருப்பார். புகாரை அலுவலகத் தமிழில் எழுதமாட்டார். அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே எழுதுவார், திட்டு உட்பட. முடிந்ததும் அவர்களுடைய குரலைவிட ஒரு படி கீழே இறங்கிய குரலில் அதை வாசித்துக் காட்டுவார். ஒரு தடவை எங்கள் தெருவுக்காக நானே போய் வரிசையில் நின்றபோது பார்த்தேன். எனக்கு முன்னால் பெரிய மீசைக்காரர் ஒருவர் ஜன்னலை உலுக்கிக்கொண்டிருந்தார்.

"சாக்கடையத் தெறந்து விட்டுட்டு அதுக்கு வரியும் வாங்குறீங்க, நீங்கள்லாம் சோத்தத்தான் திங்கிறீங்களான்னு கேக்குறீங்க. எழுதிட்டேன்" என்றார் அத்தான். பிறகு பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி, "வேற?" என்றார்.

தன் வார்த்தையை இன்னொருவர் வாயிலிருந்து கேட்டதும் மீசைக்காரருக்குக் கூச்சம் வந்துவிட்டது. "அது ஏதோ கோவத்துல சொன்னது சார். அந்தச் சோத்து விஷயத்த மட்டும் அடிச்சிருங்க" என்றார். அத்தான் அடித்தார். தண்ணீர் வந்ததா என்று என்னைக் கேட்காதீர்கள். ஆள் அடங்கிப் போனார், அங்கே வேலை அவ்வளவுதான்.

அந்த ஜன்னலுக்கு மாற்றலான அதே வருடம்தான் அத்தான் என் அக்காவைக் கட்டினார். இரண்டில் எது பெரிய புகார் ஜன்னல் என்று நான் கிண்டல் செய்வேன். எங்கள் வீட்டுப் பெண்களுக்கு வாய் கொஞ்சம் நீளம். அக்காவுக்கு ஒரு நாளைக்கு ஐந்தாறு புகாராவது இருக்கும். மேல்மாடி வீட்டுக்காரி குப்பையைத் தள்ளியது, இடுப்பு வலி, நான் போனில் மரியாதையில்லாமல் பேசியது. அவர் சாப்பிட்டுக்கொண்டே கேட்பார். "குப்பைய நம்ம வாசல்ல தள்ளிட்டா, இது ரெண்டாவது தடவைன்னு சொல்ற. வேற?" என்பார். அக்கா உருகிப் போவாள். புகார் நோட்டு இல்லாததுதான் வித்தியாசம் என்று எனக்குத் தெரிந்தது. அவளுக்குத் தெரியவில்லை. உலகத்தில் எந்தப் புருஷன் பொண்டாட்டி சொன்னதை வரி பிசகாமல் திருப்பிச் சொல்கிறான், சொல்லு பார்ப்போம் என்று என்னிடம் கேட்பாள்.

என்னிடம் கேட்டதற்குக் காரணம் உண்டு. என்னால் ஒரு புருஷனை ஆறு வருடத்துக்குமேல் பொறுக்க முடியவில்லை. விட்டுவிட்டு வந்து தையல் கம்பெனியில் செக்கிங் வேலைக்குச் சேர்ந்தேன். தைத்து வந்த சட்டையைப் புரட்டிப் போட்டு, உள்பக்கம் நூல் விட்டிருக்கிறதா, தையல் கோணலாக ஓடியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். குறை கண்டுபிடிக்கச் சம்பளம் வாங்குகிறவள் நான். அக்காவின் வாழ்க்கையையும் அப்படித்தான் பார்த்தேன். இப்படி ஒரு மனுஷன் இருக்க முடியாது, உள்பக்கம் எங்கேயோ நூல் தொங்குகிறது என்று எனக்குள் ஓர் அரிப்பு இருந்துகொண்டே இருந்தது. அதைப் பொறாமை என்று சொன்னாலும் மறுக்கமாட்டேன்.

ஒரு நாள் நேராகவே கேட்டேன். "ஏன் அத்தான், உங்களுக்குக் கோவமே வராதா?"

"வராம என்ன? எல்லாருக்கும் வர்ற மாதிரி வரும்" என்றார். "வந்தா உக்காருன்னு சொல்லிருவேன். கொஞ்ச நேரம் உக்காந்துட்டு அதுவா போயிரும்."

போய்விடும் என்றுதான் அவரும் நினைத்திருப்பார். ஆனால் சாயங்காலம் அலுவலகம் விட்டு வந்ததும் அவர் நேராக மாடியேறுவதில்லை. கீழே வண்டி நிறுத்துகிற இடத்தில், நிறுத்திய ஸ்கூட்டர்மேல் கால்மணி நேரமாவது சும்மா உட்கார்ந்திருப்பார். நான் பார்த்திருக்கிறேன். போன் பேசுவதில்லை, பேப்பர் படிப்பதில்லை, சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். வாட்ச்மேனோடு பேசிக்கொண்டிருக்கிறார் என்று அக்கா நினைத்துக்கொண்டாள்.

அவர்களுக்குக் குழந்தை இல்லை. மூன்றாவது வருடம் ஒன்று கலைந்தது. ஆறாவது வருடம் இன்னொன்று, ஐந்து மாதம் ஆன பிறகு. அதற்கப்புறம் எந்த டாக்டராலும் ஒன்றும் ஆகவில்லை. அந்த இரண்டாவது தடவை ஆஸ்பத்திரியில் அக்கா இரண்டு நாள் விடாமல் அழுதாள். அத்தான் ஸ்டூலைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு அவள் சொன்னதையெல்லாம் திருப்பிச் சொன்னார். நான் என்ன பாவம் செய்தேன் என்கிறாய், எனக்கு மட்டும் ஏன் என்கிறாய். கடைசியில் அவள் சொல்லாத ஒன்றைத் தானாகச் சொன்னார். "கொழந்த இல்லைன்னா என்ன, எனக்கு நீ இருக்கியே."

அக்கா அந்த வாக்கியத்தை வைத்துத்தான் இருபது வருடம் ஓட்டினாள். விருந்து வீட்டில் யாராவது குத்திப் பேசினால், அந்த ஆஸ்பத்திரிக் கதையை எடுத்துவிடுவாள். எனக்கு மனப்பாடம். ஸ்டூலின் நிறம்கூடத் தெரியும். ஊரார் வாயை அவள் அதைக் கொண்டுதான் மூடினாள், தன் வாயையும்தான்.

அத்தானுக்கு ஐம்பத்து நான்கு வயதில் அது நடந்தது. புகார் ஜன்னலுக்குத் தினமும் வருகிற ஒருவர் உண்டு. அவருக்குத் 'தினசரி' என்றே பெயர் வைத்திருந்தார்கள். அன்றைக்கும் பாட்டிலோடு வந்தார், பேசினார், அத்தான் எழுதினார், வாசித்தார். பேனாவைத் தூக்கிப் பிடித்தவர், "வேற வேல இல்லையாடா ஒனக்கு?" என்று கேட்டார்.

அலுவலகமே எழுந்து நின்றுவிட்டது. சாது மிரண்டால் காடு கொள்ளாது என்று பியூன் கை தட்டியிருக்கிறான். எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். அத்தான் எழுந்து நின்று இன்னும் நாலு வார்த்தை, வீட்டில் சொல்ல முடியாத வார்த்தை, சொல்லியிருக்கிறார். அதற்கும் சிரித்திருக்கிறார்கள். அவர் சுவரோடு சரிந்து உட்கார்ந்து, வாய் ஒரு பக்கம் கோணியபோதுதான் சிரிப்பு நின்றிருக்கிறது. முன்மண்டைக்குள் ரத்தக்குழாய் வெடித்திருந்தது.

ஆபரேஷன் செய்து கட்டியிருந்த ரத்தத்தை எடுத்தார்கள். ஆள் பிழைத்தார். இரண்டு மாதத்தில் நடந்தார், பேசினார், சட்டைப் பொத்தான்களைத் தானே போட்டுக்கொண்டார். பார்க்க வந்தவர்கள் எல்லோரும், அப்படியே பழையபடி இருக்கிறார் என்றார்கள். பத்து நிமிடம் உட்கார்ந்தவர்கள் மட்டும் அப்படிச் சொல்லவில்லை. பழத்தோடு வந்த மேலதிகாரியைப் பார்த்து, "சாப்புடப் போறேன்னு போயி மூணு மணி நேரம் தூங்குற நாயி, பழம் வாங்கிட்டு வந்துட்டான்" என்றார். அக்கா பழத்தை வாங்கி வைப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றாள்.

டாக்டர் நல்லவர், பொறுமையாக விளக்கினார். நானும் கூட இருந்தேன்.

"மூளைக்குள்ள ஆழத்துல ஒரு எடம் இருக்கும்மா. எதிர்ல இருக்கிறவங்க மொகத்தப் பாத்ததும், கொரலக் கேட்டதும் அது மணி அடிச்சிரும். நாம யோசிக்கிறதுக்கு முன்னாடியே அடிச்சிரும். அடிக்காதன்னு யாராலயும் சொல்ல முடியாது. நெஞ்சு படபடக்கிறது, மொகம் சூடாகிறது எல்லாம் அதனாலதான். இங்க, நெத்திக்குப் பின்னால இருக்கிற பகுதிதான் அதப் பாத்து, இரு, இது அவ்ளோ பெரிய விஷயமில்ல, அவன் மேல தப்பில்லன்னு சொல்லி அடக்கும். இவருக்கு மணி நல்லாத்தான் இருக்கு. அடக்குற ஆள்தான் போயிட்டார்."

அக்கா தன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு, "அப்போ இத்தன வருஷமும் மணி அடிச்சுக்கிட்டுதான் இருந்துச்சா டாக்டர்?" என்று கேட்டாள்.

"அடிச்சிருக்கும்மா. எல்லாருக்கும் அடிக்கும். அவருக்கு அடக்குற பழக்கம் அதிகம்."

"எங்கிட்டப் பேசும்போதுமா?"

டாக்டர் அதற்கு நேராகப் பதில் சொல்லவில்லை. யாரோடு அதிகம் இருக்கிறோமோ அவர்களிடம்தான் அதிகம் அடக்க வேண்டியிருக்கும் என்று பொதுவாகச் சொன்னார். அவர் ஆறுதலாகத்தான் சொன்னார். அக்காவுக்கு வெந்த புண்ணில் வேல் பாய்ந்தது.

வாரம் இரண்டு நாள் பயிற்சிக்குக் கூட்டிப் போனோம். அங்கே ஒரு பெண் முகங்களின் போட்டோக்களைக் காட்டிக் காட்டிக் கேட்பாள், இவர் சந்தோஷமாக இருக்கிறாரா, பயந்திருக்கிறாரா, கோபமாக இருக்கிறாரா என்று. சிரிக்கிற முகத்தை மட்டும் அத்தான் சரியாகச் சொன்னார். பயந்த முகத்தைக் கோபம் என்றார். யோசிக்கிற முகத்தையும் கோபம் என்றார். ஒன்றுமே இல்லாமல் சும்மா இருக்கிற முகத்தைப் பார்த்து, "என்னக் கேவலமா பாக்குறான்" என்றார். இருபத்தாறு வருடம் ஜன்னலுக்கு வெளியே பார்த்த முகங்கள்தானே மிச்சம் இருக்கும் என்று நான் நினைத்துக்கொண்டேன். அந்தப் பெண் அப்படியில்லை என்றாள், அந்தப் பகுதியில் அடிபட்டவர்கள் நிறையப் பேருக்கு இப்படி ஆகுமாம்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் தினமும் ஏதாவது உடைந்தது. அக்கா கரண்டி வைக்கிற சத்தத்துக்குக் கத்துவார். அவள் இருமினால் கத்துவார். "வாய மூடவே மாட்டியா நீ? இருபத்தாறு வருஷமா கேட்டுக் கேட்டு என் காது அழுகிப் போச்சு" என்பார். நான் ஒரு நாள் நடுவில் புகுந்து, கொஞ்சம் மெதுவாகப் பேசுங்கள் அத்தான் என்றதற்கு, "ஒரு புருஷன்கூட இருக்கத் துப்பில்ல, இங்க வந்து நாட்டாமை பண்ணுது" என்றார். வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டேன். அன்றைக்குப் பஸ்ஸில் நான் அழுதேன். அவர் சொன்னதற்காக அழவில்லை. எத்தனை வருடமாக அதை மனதில் வைத்துக்கொண்டு எனக்குச் சிரித்தபடி கதவைத் திறந்துவிட்டார் என்று நினைத்து அழுதேன்.

அக்காவோ அழவில்லை. அவர் கத்துகிற ஒவ்வொன்றையும் வாங்கிப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தாள், இது நோய், இது முன்பே இருந்தது என்று. இரண்டு காரியமும் சேர்ந்து செய்ய முடியுமா, அழவும் பிரிக்கவும்? கரண்டிச் சத்தம் நோய்க்குப் போனது. காது அழுகியது பழைய கணக்கில் சேர்ந்தது. மூன்று மாதத்தில் அவள் பாதியாக இளைத்துவிட்டாள்.

ஒரு மத்தியானம் மொட்டை மாடியில் துணி காயப்போடும்போதுதான் வாயைத் திறந்தாள்.

"எல்லாத்தையும் சொல்லிட்டார்டி. மூக்கு நல்லால்லன்னுகூடச் சொல்லிட்டார். அந்த ஒண்ணு மட்டும் இன்னும் வரல."

"எது?"

"கொழந்த." ஈரப் புடவையின் இரண்டு முனையையும் பிடித்தபடி நின்றாள். "காலையில எழுந்ததும் இன்னிக்கு வந்துருமோன்னு இருக்கு. ஒரு நாள் மலடின்னு சொல்லிருவார். சொல்லிட்டா அப்புறம் நான் என்ன வெச்சுக்கிட்டு இருப்பேன், சொல்லு."

டாக்டரிடம் அவள் ஏற்கெனவே கேட்டிருந்தாள், இப்போது இவர் சொல்வதுதான் உள்ளே இருந்ததா என்று. அப்படிச் சொல்ல முடியாது என்றாராம் டாக்டர். கோபம் வருகிறபோது கையில் அகப்பட்டதை எடுத்து வீசுகிற மாதிரி, வாயில் அகப்பட்டதைச் சொல்லுவார், அதில் உண்மையும் இருக்கும், பொய்யும் இருக்கும் என்றாராம். அது அவளுக்குப் போதவில்லை. எனக்கும் போதவில்லை.

"கேட்டுரு" என்றேன்.

"என்னது?"

"நீயே கேட்டுரு அக்கா. அவரா கத்தும்போது வந்தா நோயா நெசமான்னு காலம் பூரா ஒழப்பிக்கிட்டு இருப்ப. நல்லா இருக்கிற நேரமாப் பாத்துக் கேளு. இப்பல்லாம் அவருக்கு மறைக்க வராது. உள்ள என்ன இருக்கோ அதான் வரும்."

அவளுக்காகத்தான் சொன்னேன் என்று இன்றைக்கும் என்னால் சத்தியம் செய்ய முடியும். பாதி சத்தியம்தான். மீதிப் பாதி, சட்டையின் உள்பக்கத்தைப் பார்க்க வேண்டும் என்ற என் பழைய அரிப்பு.

மத்தியானத் தூக்கம் எழுந்தால் ஒரு மணி நேரம் அவர் சாந்தமாக இருப்பார். அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் போயிருந்தபோது அந்த நேரம் வாய்த்தது. நாலு மணி இருக்கும். ஜன்னலோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பரை மடித்துக்கொண்டிருந்தார். அக்கா டீயைக் கொண்டுவந்து ஜன்னல் திட்டில் வைத்தாள். நான் சமையலறை வாசலில் நின்றேன். அக்கா போய் அவர் காலடியில் தரையில் உட்கார்ந்தாள்.

"என்னங்க, ஒண்ணு கேக்குறேன். நமக்குக் கொழந்த இல்லாததுல எம்மேல ஒங்களுக்கு வருத்தமா?"

அவர் பேப்பரிலிருந்து கண்ணை எடுத்து அவளைப் பார்த்தார். முகத்தில் எரிச்சல் இல்லை. "வருத்தமா? எனக்கா? எதுக்கு?" என்றார். "இல்லையே."

இருபத்தாறு வருடத்தில் என் அக்கா முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை. சின்னப் பெண் மாதிரி என்னைத் திரும்பிப் பார்த்தாள், பார்த்தாயா என்று. எனக்கே கண் கலங்கிவிட்டது. இந்த ஒரு இடத்தில் நான் தோற்றுவிட்டேன், தோற்றது நல்லது என்று நினைத்தேன். அங்கேயே வாயை மூடியிருக்க வேண்டும். அவள் சந்தோஷத்துக்கு இன்னும் ஒரு முடிச்சுப் போட்டு இறுக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் அவளையும் சேர்த்துக் கெடுத்தேன்.

"நெசமாவா அத்தான்? ஒரு தடவகூடவா?"

அவர் என் பக்கம் திரும்பினார். வழி கேட்டவருக்கு வழி சொல்வதுபோல நிதானமாகச் சொன்னார்.

"வருத்தம் எதுக்கு? ரெண்டாவதும் கலஞ்சிருச்சுன்னு நர்ஸ் வந்து சொன்னப்ப எனக்கு அப்பாடான்னுதான் இருந்துச்சு. நாள் பூரா ஜன்னல்ல அழுகையும் கத்தலும். வீட்டுக்கு வந்தா இவ. அதுக்கு மேல ஒரு கொழந்தயும் அழுதுச்சுன்னா நான் எங்க போவேன்? மாடியேறி இவகிட்ட வர்றதுக்கு முன்னாடி கால் மணி நேரம் கீழ உக்காந்துட்டு வருவேன், அதுவே பத்தாது. எனக்குள்ள எடமே இல்லம்மா."

நான் அவரை நிறுத்த ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவருக்கு மறைக்க வராது என்று நான்தானே சொன்னேன்.

"அன்னிக்கு ஆஸ்பத்திரியில இவ அழுதுக்கிட்டே இருந்தா. ரெண்டு நாளா நிக்கல. நிறுத்துறதுக்கு ஏதோ ஒண்ணு சொன்னேன். என்ன சொன்னேன்னு ஞாபகமில்ல. நின்னுருச்சு." டீயை எடுத்து ஒரு வாய் குடித்தார். "ஆறிப் போச்சு இது."

அக்கா எழுந்தாள். டம்ளரை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டு என்னைத் தாண்டிச் சமையலறைக்குள் போனாள். அடுப்பைப் பற்றவைத்தாள். நான் பின்னாலேயே போய், "அக்கா, நோய் பேசுதுக்கா. டாக்டர் சொன்னாரில்ல, உண்மையும் வரும் பொய்யும் வரும்னு" என்றேன்.

"நோய் கத்தும்டி" என்றாள். "இது கத்தல."

கோபத்தோடு சொல்லியிருந்தால் நோயின் தலையில் கட்டியிருக்கலாம். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவர் கோபமில்லாமல் மனம் விட்டுச் சொன்னது அது ஒன்றுதான்.

எனக்கு அத்தான்மேல் கோபம் கோபமாக வந்தது. படியிறங்கும்போது, அந்த ஆளைச் சுவரோடு வைத்து அறைய வேண்டும் என்று வந்தது. பஸ் ஸ்டாப்புக்கு வருவதற்குள் வேறு மாதிரி தோன்றியது. ஊரே வந்து அவர்மேல் கொட்டிவிட்டுப் போயிற்று, அக்காவும் கொட்டினாள், நானும் கொட்டினேன். உங்களுக்கு என்ன புகார் என்று அவரை யாராவது ஒரு தடவை கேட்டோமா? கேட்டிருந்தால் அப்போதே சொல்லியிருப்பார், எனக்குக் குழந்தை வேண்டாம், முடியாது என்று. அக்கா ஊசி போட்டுப் போட்டு உடம்பைக் கெடுத்துக்கொண்டிருக்க மாட்டாள். அல்லது விட்டுவிட்டாவது வந்திருப்பாள். ஊரெல்லாம் தங்கமான மனுஷன் என்றது. தங்கமான மனுஷன் வாயைத் திறந்து ஒரு உண்மையைச் சொல்ல மண்டை வெடிக்க வேண்டியிருந்தது.

அடுத்த வாரம் போனேன். அக்கா நன்றாகவே இருந்தாள். தலை வாரியிருந்தாள். அவருக்கு நகம் வெட்டிவிட்டாள். அவர் கத்தினார், அவள் சரி சரி என்றாள். பிரித்துப் பார்க்கிற வேலையை விட்டுவிட்டாள் போலிருந்தது. அழுகிறவளாக இருந்தால் கட்டிக்கொண்டு நானும் அழுதிருப்பேன். அவள் என் முகத்தைப் பார்க்கவேயில்லை. டீ கொடுத்தாள், வேலை எப்படிப் போகிறது என்று கேட்டாள், பதிலைக் கேட்கவில்லை.

கிளம்பும்போது வாசல்வரை வந்தாள். "அக்கா, எங்கூட வந்துரு. பாத்துக்கிற ஆள் யாராவது வெச்சுக்கலாம். இன்னும் என்னத்துக்கு இங்க?" என்றேன்.

"வந்து?"

"கோவப்படுக்கா. அவர் மேல ஒரு தடவையாவது கோவப்படு. இப்படி இருக்காத."

"வரமாட்டேங்குதுடி" என்றாள். குரலை உயர்த்தவில்லை. கதவை ஒரு கையால் பிடித்திருந்தாள். "அவர் மேல கோவம் வந்துச்சுன்னா அப்புறம் நான் இந்த வீட்டுல ஒரு நாள் இருக்க முடியாது. அவருக்கு யாரு சோறு போடுறது? அதனால அவர் மேல வரமாட்டேங்குது. ஒம்மேலதான் வருது. அவர் இல்லைன்னு சொன்னார். நான் அதோட எழுந்திரிச்சிருப்பேன். நீதான் ஒரு தடவகூடவான்னு கேட்ட."

நான் குனிந்து செருப்பைப் போட்டுக்கொண்டேன்.

"கொஞ்ச நாளைக்கு நீ வராத" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள். அறைந்து சாத்தவில்லை, மெதுவாகத்தான் சாத்தினாள்.

எட்டு மாதம் ஆகிறது. நான் போகவில்லை. அத்தான் இப்போது கொஞ்சம் தேவலை, மாத்திரை வேலை செய்கிறது, கத்துவது குறைந்திருக்கிறது என்று மேல்மாடி வீட்டுக்காரி போனில் சொன்னாள். அக்காவைத்தான் இப்போதெல்லாம் தங்கமான பெண் என்கிறார்களாம், அவ்வளவு அமைதியாம், வீட்டில் ஆள் இருக்கிற சத்தமே கேட்பதில்லையாம்.